பொலித்தீன் கழற்றாத கதிரைகள்

வெள்ளவத்தையில் நான் படிப்பிக்கும் அரசாங்கப் பாடசாலையில் கணக்குகளையும் தளபாடங்களையும் பார்த்தவர், கால் உடைந்து கயிற்றால் கட்டிய கதிரையில்தான் எப்போதும் இருப்பார். அவருக்குப் பின்னாலுள்ள அறையில் புதுக் கதிரைகள் பொலித்தீன் கழற்றாமல் அடுக்கியிருந்தன.

வகுப்பில் ஆட்டம் கண்ட கதிரையிலிருந்து நான் விழப்பார்த்த அன்று, அவரிடம் போய்ப் புதுக் கதிரை ஒன்று கேட்டேன்.

“குடுத்தா உடையும், மிஸ்.”

“கதிரையெண்டா ஒருநாள் உடையத்தானே செய்யும்?”

“உடைஞ்சா கணக்குப் பாக்க ஓடிட்டுக்கு வாறவை என்னைத்தான் கேப்பினம். இப்ப பாருங்கோ, ஒண்டுகூட உடையேல்லை.”

அவருடைய பிரியாவிடைக்கு அதிபர் ஒரு புதுக் கதிரையைப் போடுவித்தார். அவர் அதில் சாயாமல் நுனியில் இருந்தே எங்கள் புகழுரைகளைக் கேட்டார். மாலையைக் கழற்றியதும் கதிரையைத் தானே தூக்கிப்போய் அறையில் வைத்துப் பூட்டினார்.

சாவி இப்போது அதிபரிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கதிரைகளில் இன்றுவரை இருந்த ஒரே மனிதர், விடைபெற்றுப் போன அவர்தான்.