தலையில்லா அண்ணி

"கை நீளத்தைக் கொறைக்கணும், அவ்வளவுதானே? கோட்டை மேஜை மேல வச்சுட்டுப் போங்க" என்று பறவைக் கூண்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. கோட்டோடு வந்த வாடிக்கையாளர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். தலையில் கூண்டைக் கவிழ்த்துக்கொண்டு, தரை புரளும் நீல கவுனில், கையில் ஒற்றைக் கையுறையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்மணியை நம்பி நல்ல கோட்டைக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? "பயப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் இப்படி" என்று கூண்டு மறுபடி பேசுகிறது.

தெருவுக்கு அவர் தையல்கார அக்கா. கிழிந்ததைத் தைப்பார், இறுகியதைத் தளர்த்துவார், மக்கர் செய்யும் ஜிப்பை மாற்றுவார். வாரத்தில் ஆறு நாளும் உதடுகளுக்கிடையே குண்டூசி இருப்பதால் "ம்", "ம்ஹூம்" என்ற இரண்டோடு பேச்சை முடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கை கட்டுப்பட்டு வாய் விடுதலையாகிவிடும். அன்று அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

எல்லாம் கணவரால் வந்தது. அவர் பெயின்ட் கடையில் சுவர்களுக்கு நிறம் கலக்குபவர். விடுமுறை நாளில் சர்ரியலிச ஓவியர். கனவில் மட்டுமே நடக்கக்கூடியதைக் கண்ணெதிரே நடப்பதுபோல வரைகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆனால் மனிதர் ஒரு விஷயத்தில் படு பிடிவாதம். கண்ணால் பார்க்காத எதையும் வரையமாட்டார். படத்தில் தலைக்குப் பதில் கெட்டில் வரவேண்டுமென்றால், மனைவி முகத்துக்கு நேரே நிஜக் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். இருபத்திரண்டு வருடங்களில் விளக்குக் கூடு, கடிகாரப் பெட்டி, தலையணை எல்லாம் அந்த இடத்துக்கு வந்து போய்விட்டன. ஒருமுறை முழுக் காலிஃபிளவரைக் கட்டிவைத்து வரைந்ததில் மூன்று நாள் அக்காவுக்குக் கழுத்து திரும்பவில்லை. கணவரின் நண்பர்கள் அவரைத் 'தலையில்லா அண்ணி' என்றே கூப்பிடுவார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

இந்த முறை விஷயம் பெரிது. ஊர் அருங்காட்சியகத்தில் முந்நூறு வருடத்துக்கு முந்தைய சீமாட்டி ஒருத்தியின் படம் இருக்கிறது. நீல கவுன், நீண்ட மூக்கு, இடப்பக்கம் மட்டும் ஒதுங்கிய சிரிப்பு. அஞ்சல் அட்டையிலும் பிஸ்கட் டின்னிலும் அந்த முகத்தைப் பார்க்காதவர் கிடையாது. அந்தப் படத்தை இன்றைய ஓவியர்கள் தங்கள் பாணியில் திருப்பி வரைந்து தந்தால் பக்கத்திலேயே மாட்டுவார்களாம். கணவர் அனுப்பிய மாதிரி வரைவிலேயே அவருடைய கூண்டுத் தலைச் சீமாட்டி தேர்வாகிவிட்டாள். அஞ்சல் அட்டையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பொத்தான்களை எண்ணி, கவுனை அச்சு அசலாகத் தைத்தவர் அக்காதான்.

கவுனின் முன்கை மடிப்பு மட்டும் அட்டையில் பிடிபடவில்லை. அதைப் பார்த்து வரத்தான் அக்கா அருங்காட்சியகத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் கூண்டைத் தொடவில்லை.

"இந்தப் படத்துல என் மூஞ்சியப் போடுங்க" என்றார்.

"என்ன திடீர்னு?"

"அந்தம்மா செத்து எத்தனை காலமாச்சு. இன்னும் வரிசையில நின்னு மூஞ்சியப் பாக்கறாங்க. நான் இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன். என் கை இருக்கு, கழுத்து இருக்கு, முழங்கை கூட இருக்கு. மூஞ்சி ஒரு படத்துல இல்லையே."

"உன் மூஞ்சிய வச்சா அதுல என்னம்மா விசித்திரம் இருக்கும்?"

"அந்தச் சீமாட்டி நாற்காலியில, குண்டூசி கடிக்கிற ஒருத்தி உக்காந்திருக்கா. இதைவிட விசித்திரம் என்ன வேணும் உங்களுக்கு?"

அனுமதி வாங்கியது கூண்டுக்கு, படத்தை ஏற்ற வண்டி வருவது அடுத்த வாரப் புதன்கிழமை என்றெல்லாம் கணவர் முனகினார். அக்கா அசையவில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார். இறங்கி வந்ததோடு பெருந்தன்மையும் காட்டினார். "நீ உக்கார வேண்டாம். உன் முகம் எனக்கு மனப்பாடம்" என்றார். கெட்டிலைக் கூட மனப்பாடத்தில் வரையாதவர் சொன்ன சொல் அது. அக்கா அன்று முழுக்க உச்சி குளிர்ந்து திரிந்தார்.

வாரம் முழுதும் கணவர் வேலைக்குப் போகுமுன் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை படத்தைத் திருப்பிக் காட்டினார். முகம் அழகாகத்தான் இருந்தது. நீண்ட மூக்கு, அதன்மேல் அக்காவின் மூக்குக்கண்ணாடி, இடப்பக்கம் ஒதுங்கிய சிரிப்பு. அக்காவின் சப்பை மூக்கும் கன்னத்து மச்சமும் எங்கேயும் இல்லை. மாதக்கணக்கில் சீமாட்டியையே பார்த்திருந்த கை, தானறியாமல் சீமாட்டியையே போட்டுவிட்டது.

அக்கா வெகு நேரம் பார்த்தார். "மூக்குக்கண்ணாடி மட்டும் என்னோடதுங்க" என்றார். சிரிக்க முயன்றார், உதடு ஒத்துழைக்கவில்லை. இத்தனை வருடத்தில் கெட்டிலும் காலிஃபிளவரும் தராத வலியை அந்த அழகான முகம் தந்துவிட்டது. "கூண்டையே குடுங்க. நேரமாவுது" என்று போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணவர் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூண்டை எடுத்து வெளியே தாழ்வாரத்தில் வைத்தார். கத்தியை எடுத்து அந்த முகத்தைச் சுரண்டித் தள்ளினார். எப்போதும் எட்டடி தள்ளிப் போடும் முக்காலியைக் கைக்கெட்டும் தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாக்காமலே வரைஞ்சுட்டேன். தப்புதான். இங்க திரும்பு."

பார்க்கத் தொடங்கினார். வகிட்டிலிருந்து நெற்றி, நெற்றியிலிருந்து புருவம் என்று அவசரமே இல்லாமல் இறங்கி வந்தார். மச்சத்தருகே நின்றார். மேலுதட்டில் எப்போதோ ஊசி கீறிய தழும்பைக் கண்டு, "இது எப்ப?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமையில் அக்காவின் பேச்சு முதன்முதலாக நின்றுபோனது அன்றுதான். முகம் சிவந்து, மடியிலிருந்த வலது கை தானாக எழுந்து வாயையும் மூக்கையும் மூடப் போனது. பாதி வழியில் அக்கா அதைப் பார்த்துவிட்டார். கையைக் கீழே இறக்கி, தொடைக்கடியில் செருகினார். இடது கையையும் அப்படியே செருகிக்கொண்டு, இரண்டின் மேலும் அழுந்த உட்கார்ந்து, மோவாயை உயர்த்தினார்.