கன்றுக்கு விட்ட காம்பு

மாட்டுக்குச் சுழி பார்ப்பதில் என் சித்தப்பாவை மிஞ்ச ராஜபாளையத்தில் ஆள் கிடையாது. இதை எங்களுக்குச் சொன்னவரும் சித்தப்பாதான். தாமணிச் சுழி இருந்தால் தொழுவம் பெருகும், காலில் விலங்குச் சுழி இருந்தால் வாங்கியவன் ஜெயிலுக்குப் போவான் என்று, மாட்டின் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்தே ஒரு குடும்பத்தின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார். பிழைப்பென்னவோ செல்போன் ரிப்பேர் கடை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மா மில் வேலையை விட்டாள். பஞ்சுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். ஒரு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பார்க்கிறேன் என்று அவள் கேட்க, அப்பா அரைமனதாகத் தலையாட்டினார். மாடு சரிப்பட்டு வராவிட்டால் திரும்ப மில்லுக்குப் போய்விட வேண்டும் என்பது பேச்சு.

மாடு பிடிக்கக் கூமாப்பட்டிக்கு அப்பாவும் சித்தப்பாவும் போனார்கள். அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் பக்கம் மாடு வாங்கப் போவது ஆண்கள், கறப்பது பெண்கள். சித்தப்பா சுழி சரியில்லை என்று மூன்று மாடுகளைத் தள்ளிவிட்டு, ஒரு நிறைசினைச் செவலையிடம் நின்றார். நெற்றி, முதுகு, கால் என்று ஒரு மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார். பால் வற்றிய மடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று அதை மட்டும் விட்டுவிட்டார். விற்றவர் வழக்கப்படி தன் கயிற்றை உருவிக்கொண்டார். நாங்கள் கொண்டுபோன புதுக்கயிற்றில் மாடு எங்களோடு வந்தது.

அது கன்று போட்ட அன்று அம்மா சீம்பால் கறக்க உட்கார்ந்தாள். மூன்று காம்புகளில் பால் பீய்ச்சியது. நாலாவதை நீவினாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், மறுபடியும் நீவினாள். ஒரு சொட்டு வரவில்லை. மற்ற மூன்றையும் கறந்து முடித்துச் செம்போடு எழுந்தாள். ஏன் அதை விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

“அது கன்னுக்குட்டிக்கு. அதத் தொடக்கூடாது.”

கன்றுக்கென்று ஒரு காம்பை விடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நான் நம்பினேன். பிறகொரு நாள் நான் பள்ளிக்கூடத்துக்கும் அப்பா வேலைக்கும் போயிருந்த நேரம் பார்த்து மாட்டு டாக்டரை வரவழைத்திருக்கிறாள். எப்போதோ வந்த மடிநோயில் காம்பு உள்ளுக்குள் அடைத்துவிட்டது, இனித் திறக்காது என்று அவர் சொல்லிவிட்டுப் போனது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

அம்மா அந்த மூன்று காம்புகளோடு மல்லுக்கட்டினாள். வரப்பு வரப்பாகப் புல்லறுத்தாள். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள். பால் முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா அடுப்புக்குப் போனது. வீட்டுக் காப்பிக்குக்கூட அளந்துதான் எடுப்பாள். இருமல் குறைந்திருந்தது. இவ்வளவு தீனிக்கு இந்தப் பால் காணாதே என்று அப்பா மட்டும் முனக ஆரம்பித்திருந்தார்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். தான் பிடித்த மாட்டைப் பார்க்கத் தொழுவத்துக்கு நடந்தவரிடம், எங்கள் அம்மா எவ்வளவு நல்லவள் தெரியுமா, இன்னும் கன்றுக்கு ஒரு காம்பை விட்டுத்தான் கறக்கிறாள் என்று பெருமை பேசினேன்.

“கன்னு புல்லு திங்க ஆரம்பிச்சாச்சே, இன்னுமா மதினி காம்பு விடுதாக?” என்றவர், குனிந்து அந்தக் காம்பைப் பிடித்து இழுத்தார். பிறகு மற்றதை. பிறகு மறுபடியும் அதை. குனிந்தவர் நிமிரவேயில்லை. சாணிக்கூடையோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“தெரிஞ்சும் ஏன் மதினி சொல்லல?”

“சொன்னா மாட்ட வண்டியில ஏத்திருவீக தம்பி. மறுநா என்னைய மில்லு வேன்ல ஏத்திருவீக.”

சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு அப்பாவிடம் போனார். “அண்ணே, இதுக்கு வயித்துல ஒரு சுழி கெடக்கு. அன்னைக்கு நான் கவனிக்கல. பால் கொறைஞ்சாலும் இத விக்கப்பிடாது, வித்தா வீடு வெளங்காது,” என்றார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் வயிற்றைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா ஓடிவந்து ஒரு கருப்பட்டித் துண்டை என் வாயில் திணித்தாள். அதோடு விட்டாளா? ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத பாலைக் காய்ச்சி, டம்ளர் நிறையச் சித்தப்பாவுக்குக் கொடுத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. பொய் சொன்னவருக்கு இத்தனை பாலா என்று நான் சாயங்காலம் வரைக்கும் அம்மாவோடு பேசவில்லை.