ஆளோடு விற்கிற வீடு

இந்த ஊரில் வீடு வாங்க வருகிறவன் கூரையைப் பார்ப்பதில்லை. நேரே நிலவறைக்குப் போகிறான், பீப்பாயிலிருந்து ஒரு கிண்ணம் வைன் பிடித்துக் குடிக்கிறான், சப்புக்கொட்டுகிறான். பிறகுதான் சுவரையும் சன்னலையும் பார்க்க மேலே வருகிறான். வைன் வேறொன்றுமில்லை, திராட்சைக் கள். கள்ளைக் குடித்துப் பார்த்து வீடு வாங்குகிற ஜனத்தைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில், நம் பசியாவரத்தில் யாராவது கண்டதுண்டா? நம் பக்கத்தில் குடிசை போடுகிறவன், போன மழைக்கு ஏரித் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்பான். ஓலை மக்கினால் பிரித்துக் கட்டுவான். விற்கவும் மாட்டான், வாங்கவும் ஆள் கிடையாது.

இங்கே வீட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். காரணமில்லாமல் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கப்பல்கள் வந்து நிற்கிற கேப்புத் துறைமுகத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்துவிடலாம். துறைமுகத்துப் பேய்க்காற்றை மலை மறித்துக்கொள்கிறது. தெருவுக்குத் தெரு வாய்க்கால், வாசலிலேயே நல்ல தண்ணீர். ஆயுசெல்லாம் கப்பலில் உப்புக்கறி தின்ற ஒல்லாந்தன் இந்த நிழலையும் திராட்சைக் கொடியையும் பார்த்ததும், இங்கேயே செத்துப்போகலாம் என்று உட்கார்ந்துவிடுகிறான். அழகான ஊர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று கேட்டாலே, அங்கே அடிமைகள் எத்தனை பேர் என்றுதான் முதலில் விசாரிப்பேன். இங்கே வீட்டை விற்றால் கட்டில், அண்டா, மாடு, அடுப்பங்கரையில் நிற்கிற ஆள் எல்லாம் சேர்த்துத்தான் விற்பார்கள். வாங்குகிறவன் வேண்டாததைக் கழித்துவிடலாம். கழித்தது தனியாக ஏலத்துக்குப் போகும்.

நானும் என் தங்கை எல்லம்மாவும் பஞ்சத்தில் வந்தவர்கள். எங்களைப் பெற்ற நைனா எங்களைப் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைத் தரகனிடம் கொடுத்து அரிசி வாங்கினார்; அவன் எங்களை அடிமைகளாகக் கப்பலேற்றினான். என் எசமான் சாகும்போது எனக்கு விடுதலை எழுதிவைத்தார். இப்போது கூலிக்குக் கொடி வெட்டுகிறேன். எல்லம்மாவுக்கு அந்த யோகம் இல்லை. ரொசீனா என்று பெயர் மாற்றிக் கூப்பிடுகிற ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து இரண்டு வாய்க்கால் தள்ளி என் குடிசை. போன அறுவடை முடிந்ததும் அந்த வீட்டு விதவையம்மாள், எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னாள். வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வேலையை என்னிடம் விட்டாள்.

மூன்றாவதாக வந்தவர்கள் ஒரு கிழட்டுக் கப்பல் தச்சனும் அவன் பெண்சாதியும். அந்தம்மாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, எல்லம்மா பொரித்துக் காடியில் ஊறப்போட்டிருந்த மீனில் இரண்டு துண்டு தின்றாள். நல்ல முகம். எல்லம்மா என் காதோரம் வந்தாள்.

"இவுங்களே வாங்கினா நல்லாருக்கும்ணே. நீயும் கிட்டவே கீற."

எனக்கும் அதே ஆசைதான். அந்தம்மாள் என்னைக் கேட்டாள், "இவள் எப்படி? நல்ல வேலைக்காரிதானே?"

"ஏதோ சமைப்பாள். உடம்புதான் அவ்வளவு சுகமில்லை" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. வலை கிழிய மீன் பட்டிருந்தாலும், கரையில் நிற்கிறவன் "இன்னா பட்டுச்சு?" என்றால் "இன்னா படும், ரெண்டு பொடிதான்" என்கிற வாய் நம் வாய். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையை நோஞ்சான் என்போம். கேட்கிறவனும் நிறைய என்று புரிந்துகொண்டு சிரித்துவிட்டுப் போவான். அந்தம்மாளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எல்லம்மாவைப் பாவமாகப் பார்த்தாள், புருஷனிடம் ஏதோ சொன்னாள். வீட்டை வாங்கினார்கள். எல்லம்மாவைக் கழித்துவிட்டார்கள்.

மறுநாள் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு ஓடினேன். "அம்மா, நேற்று நான் சொன்னது பொய்."

"ஏன் பொய் சொன்னாய்?"

"அவள்மேல் கண் பட்டுவிடக் கூடாதென்று."

"யாருடைய கண்?"

பாவி, யோசிக்காமல் "உங்களுடையதுதான்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே முற்றத்தில் ஏலம். செப்புப் பாத்திரங்களுக்காக அந்தம்மாளும் வந்திருந்தாள். எல்லம்மாவை முக்காலிமேல் ஏற்றியதும், அந்தம்மாள் காதில் விழட்டும் என்று கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினேன். "நல்ல சமையல்காரி. ஒரு நாள் காய்ச்சல் கண்டதில்லை. நாலாள் வேலை செய்வாள்." அந்தம்மாள் திரும்பவேயில்லை. திரும்பினவன், மலைக்கு அப்பால் வெகுதூரத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறவன். அதுவரை ஒரு சேணத்தைத் தடவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து எல்லம்மாவைப் பார்த்தான், கையைத் தூக்கினான். வேறு யாரும் தூக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது ஒரு முறைதான் கெடும், நான் இரண்டு முறை கெட்டேன்.

வண்டியில் ஏற்றும்போது எல்லம்மா அழவில்லை. "நீயும் நைனா கணக்காவே பேசினேண்ணே" என்றாள்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. எங்களை விற்றபோது கோட்டைச் சுவரடியில் தரகன் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறந்ததிலிருந்து எங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத நைனா அன்றைக்குத்தான் சொன்னார். "தங்கமான பசங்க சாமி. நோய் நொடி கெடையாது. இன்னா வேலை குடுத்தாலும் செய்யும்." நாங்கள் இருவரும் பெருமையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றோம்.

அவள் போன வண்டி கண்ணுக்கு மறைந்தபிறகும் தெருவிலேயே நின்றிருந்தேன். புதிதாக ஒரு புருஷனும் பெண்சாதியும் வண்டியை நிறுத்தி, குடியிருக்க இது நல்ல ஊர்தானா என்று என்னைக் கேட்டார்கள். நல்ல ஊர் என்று சொல்லவும் வாய் வரவில்லை, கெட்ட ஊர் என்று சொல்லவும் வரவில்லை. ஒரு பக்கம் அவளைக் கொண்டுபோன மலை, மறு பக்கம் எங்களைக் கொண்டுவந்த கடல். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியாமல் அவர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.