கொடியைக் காலியாக விடாதே

பாகூர்ப் பக்கம் குடிவந்து என் மகனுக்கு பேம்பர்ஸுக்குப் பதில் துணி கட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். கொல்லைக் கொடியில் துணிகளைக் காயப்போடுவது நான். எடுப்பது நான் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைத் திறந்தால் கொடி காலியாக இருக்கும். துணிகளெல்லாம் துவைக்கிற கல்லின்மேல் அழகாக மடித்து அடுக்கப்பட்டிருக்கும். அடுக்கின்மேல் துருப்பிடித்த மாட்டு லாடம் ஒன்று. கொல்லைக்கு மதில் கிடையாது. கொடியைத் தாண்டினால் கரும்புத் தோட்டம்தான். பகல் முழுவதும் வீட்டில் இருப்பது நானும் மூன்று மாதக் குழந்தையும் மட்டும். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் என் கணவரிடம் சொன்னேன். “யாராவது எடுத்து வச்சிருப்பாங்க. வேல மிச்சம்தான?” என்று கை கழுவப் போய்விட்டார்.

நான் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள். மலேசியாவுக்கு வேலைக்கு வந்த கரையாம்புத்தூர்க்காரரைக் கட்டிக்கொண்டு, பிள்ளையையும் அங்கேயே பெற்று, அவர் ஊர் திரும்பியதும் பின்னாலேயே வந்தேன். தைப்பிங்கில் பிள்ளைக்கு பேம்பர்ஸ்தான் போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டியை மக் சிக் என்றுதான் கூப்பிடுவோம். பேரனுடைய பேம்பர்ஸைக்கூட அலசிப் பிழிந்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். அப்படியே போட்டால் பொந்தியானாக் தேடி வருமாம். பிரசவத்தில் செத்த பெண்ணின் பேய் அது. நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்போம். இங்கே வந்த பிறகு நான் போட்ட பேம்பர்ஸை நாய்கள் இழுத்துப்போய் ஏரி வாய்க்கால் ஓரம் பரப்பிவிட்டன. புழுக்கத்தில் பிள்ளைக்குத் தொடையெல்லாம் சிவந்தது. சரி, துணிக்கே மாறிவிடுவோம் என்று கிருமாம்பாக்கத்து ஜவுளிக்கடைக்குப் போனேன்.

மெல்லிய வெள்ளைத் துணியாக ஆறு மீட்டர் கேட்டேன். கடைக்காரர் ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யாருக்கும்மா?”

“குழந்தைக்குத்தான்.”

“எத்தினி வயசு?”

“மூணு மாசம்.”

கத்திரிக்கோலை வைத்துவிட்டார். பிறகு துணியை அளந்து பொட்டலம் கட்டிக்கொண்டே, “மால சொல்லணுமா? பக்கத்துக் கடையில சின்னதா கட்டித் தருவாங்க” என்றார். துணி வாங்கினால் மாலையும் தருகிற ஊர் போலிருக்கிறது என்று நினைத்து, வேண்டாம் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் சொன்னபோதுதான் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் கட்டுகிற லம்பின் என்பது கடையில் டஜன் கணக்கில் புதிதாக வாங்குகிற வெள்ளைத் துணி. இங்கே பிள்ளைக்குப் பழைய வேட்டியைத்தான் கிழித்துக் கட்டுவார்கள். புது வெள்ளையை மீட்டர் கணக்கில் அவசரமாக வாங்கினால் அது பிணத்துக்கு. நானோ அவரிடம் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாங்கிய துணியை எத்தனை முறை அலசியும் அது ஈரம் குடிக்கவில்லை. மாமியார் கரையாம்புத்தூரிலிருந்து மாமனாரின் பழைய வேட்டிகளோடு வந்து, கிழித்து, முக்கோணமாக மடித்து, இடுப்பில் முடிபோடக் கற்றுக்கொடுத்தார். மூத்திரத் துணிக்கு ஒரு வாளி, மற்றதற்கு ஒரு வாளி, நல்ல வெயிலில் காயவைப்பது என்று எல்லாம் பழகியது. “முறுக்கிப் பிழியாத. புள்ளைக்கு வயிறு முறுக்கும்” என்றார். அன்று மாலையே அம்மா போனில் அதையேதான் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. நடுவில் ஒரு கடல் இருந்தும் பயம் மட்டும் ஒன்றாகவே இருந்தது. லாடத்தைக் காட்டியபோது மாமியார் அதைத் தொடவில்லை. “எவளோ நல்லதுக்குதான் வச்சிருக்கா. இரும்பு இருந்தா எதுவும் அண்டாது. நீ எடுக்காத, கேக்கவும் கேக்காத” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

கேட்காமல் இருக்கிற ஜாதியா நான்? ஒருநாள் வெயில் இறங்கியதும் ஜன்னல் பக்கத்திலேயே நின்றேன். துணிகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே பிள்ளை சிணுங்கினான். தூக்கிக்கொண்டு திரும்பினால் கொடி காலி. காற்றே இல்லை, ஆனால் கரும்பு ஓரிடத்தில் மட்டும் அசைந்து அடங்கியது. மக் சிக்கைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கே போனதோ, கதவைத் தாழிட்டுக்கொண்டு அம்மாவுக்கு அழைத்தேன். “வந்துரு லா” என்றாள். அன்றே கணவரிடம், இந்த வீட்டில் என் பிள்ளையை வைத்திருக்க மாட்டேன், தைப்பிங்குக்கே போய்விடுகிறேன் என்றேன். வேறு வீடு பார்க்கலாம் என்று கெஞ்சினார். நான் இறங்கி வரவில்லை. எனக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் போட்டோம், போக மட்டும்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. மிச்சமிருந்த பேம்பர்ஸைப் போட்டு இரண்டு நாள் சமாளித்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பின்கதவு இடிபட்டது. யார் என்று கேட்டதற்கு ஒரு பெண்குரல், “தெறம்மா, தெற” என்று அழுதது. திறந்தேன். நாற்பதைத் தாண்டியவர், சொட்டச் சொட்ட நனைந்து, இடுப்பில் புல்லறுக்கும் அரிவாளோடு நின்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு வைத்திருக்கும் தனம் அக்கா. தூரத்தில் பார்த்திருக்கிறேன். பிள்ளையோடு எதிரே போனால் பாதை மாறிப் போய்விடுவார். திமிர் என்று நினைத்திருந்தேன்.

“ரெண்டு நாளா கொடியில துணியே இல்லியே. புள்ள எங்க? கடையில வெள்ளத்துணி வேற வாங்கினியாமே. புள்ளைக்கு இன்னா ஆச்சு?”

உள்ளே ஓடிப்போய் மகனைத் தூக்கி வந்தேன். அவர் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“காட்டாதம்மா. நா பாக்கக் கூடாது. கொரல் கேட்டா போதும்.”

மகன் என்னவோ குழறினான். அவர் அப்படியே மழையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடியபடியேதான் சொன்னார். பல வருஷம் முன்பு இதே வீட்டில் குடியிருந்திருக்கிறார். ஒருநாள் வயலிலிருந்து வர நேரமாகி, பிள்ளையின் துணி விளக்கு வைத்த பிறகும் இதே கொடியில் கிடந்திருக்கிறது. மேலே பறவை கடந்துபோனதாம். அந்த வாரமே பிள்ளைக்குப் பச்சையாகப் போய், கண் செருகி, போய்ச் சேர்ந்துவிட்டது. “பட்சி தோஷம்னாங்க. துணிய எடுக்காம வுட்டவ நான்தானம்மா. என் கண்ணு எந்தப் புள்ள மேலயும் படக்கூடாது. துணிய எடுத்து வச்சா பாவம் இல்ல, அதான்.” எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, இதை அவர் தலையில் கட்டியவர்கள்மேல். அது வயிற்றுப்போக்கு அக்கா, உங்கள் குற்றமில்லை என்றேன். கேட்டுக்கொண்டார், ஆனால் முந்தானையை எடுக்கவில்லை.

“அடுத்த வாரம் ஊருக்குப் போறேன்க்கா. கொடி காலியா இருக்கும். பயப்படாதீங்க.”

“திரும்பி வருவியா?”

அன்று காலையில் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். அவர் முகத்தை மூடியபடியே, “ஒரே ஒரு துணிய வுட்டுட்டுப் போம்மா. சாயங்காலம் எடுத்து வச்சிட்டு காலையில போட்டுடறன். கொடிய காலியா மட்டும் வுடாத” என்றார். என் மகனின் துணிகளில் மிருதுவான ஒன்றை நானே கொடியில் போட்டுவிட்டு வண்டி ஏறினேன்.

இப்போது தைப்பிங்கில் இருந்துதான் இதை எழுதுகிறேன். வாசலில் லம்பின் காய்கிறது. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு, மஃரிபுக்கு, அழைப்பதற்கு முன்னால் அம்மா எடுத்துவிடுகிறாள். வந்தது வந்தாய், இனிமேல் இங்கேயே இரு என்கிறாள். எதற்காக ஓடிவந்தேனோ அந்தப் பயம் போய்விட்டது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. தினமும் கணவரிடம் துணி கிடக்கிறதா என்று கேட்கிறேன். பகலில் கொடியில் இருக்கிறது, சாயங்காலம் கல்லின்மேல் மடித்திருக்கிறது என்பார். நேற்று, கொஞ்சம் தயங்கி, “காலையில அது ஈரமா இருந்துது. தெனமும் தொவச்சுதான் போடறாங்க போல” என்றார். எந்தப் பிள்ளையும் கட்டாத துணியை ஏன் துவைக்க வேண்டும் என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இங்கே இருட்டிய பிறகும் அங்கே கொஞ்சம் வெயில் இருக்கும். மகன் என் மடியில் காய்ந்த துணியோடு தூங்குகிறான். பாகூரில் அவனுடைய துணி ஒன்று தினமும் நனைந்துகொண்டிருக்கிறது.