தலையில் ஊற்றிய தண்ணீர்

வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒதுங்கியபோது அந்தத் திமிங்கிலக் குட்டி உயிரோடுதான் இருந்தது. இப்போது எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் செத்துத்தான் ஒதுங்கியது என்று கூசாமல் சொல்கிறார்கள்.

ரயில் பாதையைத் தாண்டி ஓடினோம். குட்டியே மூன்று த்ரீவீலை வரிசையாக நிறுத்திய நீளம். வெயில் கொளுத்தியது. எங்கள் மாடிக் குடியிருப்பின் தலைவர், லிஃப்ட் பழுதானால் கண்ணிலேயே படாத மனிதர், அன்று முன்னால் நின்றார்.

"வாளியக் கொண்டு வாங்கோ! மீனெண்டா தண்ணியில்லாமல் செத்துப்போகும்!"

வரிசை கட்டி ஊற்றினோம். எங்களுக்குக் குளிக்க வார்ப்பதென்றால் தலையிலிருந்துதானே. அதன் தலையில் இரண்டு துளைகள் திறந்து திறந்து மூடின. தாகம் என்று நினைத்து, நான் அதற்குள்ளேயே பார்த்து ஊற்றினேன்.

மாளிகாவத்தையிலிருந்து வந்த மிருக வைத்தியர் கூட்டத்தை இடித்துக்கொண்டு கத்தினார்.

"ஊத்தாதீங்க! அது மூக்கு! இது மீன் இல்ல, நம்மளப் போல மூச்சு எடுக்குற உசிரு!"

அதற்குள் துளைகள் திறப்பது நின்றுவிட்டது.

அவர் குந்தியிருந்து வலது தாடையின் வெள்ளையைக் காட்டினார். துடுப்புத் திமிங்கிலமாம். ஏறக்குறைய பதினொரு மாதம் சுமந்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடுமாம். இது பால் மறக்காத குட்டி. முதுகில் வரிவரியாக ஆழமான வெட்டுகள். கப்பலின் விசிறி வெட்டியது என்றார். நிமிர்ந்து பார்த்தேன். துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் ஒன்றும் நடவாததுபோல் நகர்ந்துகொண்டிருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கு வேகத்தைக் குறைக்க ஏலாதா, டொக்டர்?"

"ஏலும். விலகியும் போகலாம். சொன்னா ஆரு கேக்குற?"

அந்தக் காயத்தோடு எப்படியும் செத்திருக்கும் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைக் கொண்டுபோய்க் குப்பையில் போடட்டும். கப்பல்காரன் வெட்டினான், நாங்கள் மூச்சை அடைத்தோம்.

மறுநாள் தலைவர் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டார். 'உயிர் காக்கப் போராடிய நம்மவர்கள்.' நடுவில் நான், வாளியோடு. படியிறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"அந்தப் படத்தை இப்பவே எடுங்கோ, அங்கிள்."

"ஏன் பிள்ளை? படத்தில நல்லா விழுந்திருக்கிறீரே."

அவர் எடுக்கவில்லை. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் வாளி எதற்கு நேரே சரிந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.