உட்கார முடிகிற கவசம்

பின்சி ஒன்பது வருஷம் பெண்பிள்ளைகளின் முதுகுக்கு ஓடு செய்தாள். தமிழும் மலையாளமும் பேசுகிற எல்லைப் பக்கம், காரக்கோணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில், மருந்துக்கடைகளுக்கு நடுவே இருந்த சின்னப் பட்டறை அது. முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, டாக்டர் எழுதிய சீட்டோடு தாய்மார் அங்கே வருவார்கள். சீட்டில் நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும். வருகிறவர்கள் அதை பெல்ட் என்றுதான் சொல்வார்கள். பார்த்தால் பெல்ட் மாதிரியே இருக்காது. அக்குளிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் உடம்பைச் சுற்றி இறுக்குகிற கெட்டியான பிளாஸ்டிக் கூடு. நாளில் இருபது மணிநேரம் பிள்ளை அதற்குள் இருக்க வேண்டும்.

முதலில் பிளாஸ்டர் சுற்றி உடம்பின் அச்சை எடுப்பாள். அச்சின்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்துவாள். ஆறியதும் ஓரங்களை வெட்டித் தேய்ப்பாள். ஓரங்களில்தான் வேலை இருக்கிறது என்பது அவளுக்கு முதல் வருஷத்திலேயே பிடிபட்டுவிட்டது. அக்குளில் அரை விரல் ஏறினால் கை தூக்க முடியாது. தொடையில் அரை விரல் இறங்கினால் உட்கார முடியாது. நின்றுகொண்டிருக்கும்போது எல்லாக் கூடும் சரியாகத்தான் தெரியும்.

குன்னத்துக்காலில் இருந்து சானு என்று ஒரு பதிமூன்று வயசுப் பிள்ளை வந்தாள். பெல்ட் வாங்கிப்போன ஒரே வாரத்தில் தாய் அவளைத் திரும்பக் கூட்டிவந்து, இவள் இதைப் போட மாட்டேன் என்கிறாள் என்று புகார் சொன்னாள். பின்சி தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையை நாற்காலியில் உட்கார்த்தி, குனிய வைத்து, தரையில் கிடந்த பேனாவை எடுக்கச் சொல்லிப் பார்த்தாள். எங்கேயும் குத்தவில்லை.

"எங்கயாவது வலிக்கா மக்கா?"

"வலியெல்லாம் இல்லக்கா. இதப் போட்டா எனக்கு இடுப்பே இல்லாத மாதிரி உண்டு. ஒரு டிரம்மு நடந்து போற மாதிரி."

பின்சி கூட்டைக் கழற்றி வாங்கி, அழுத்தம் தேவையில்லாத பக்கத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அரை இஞ்ச் உள்ளே வளைத்தாள். ஓரத்தில் ஊதா நிறப் பட்டை ஒன்றும் ஒட்டினாள். முதுகுக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சானு அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அதைப் போட்டாள். பின்சிக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை. அழகாக இருந்தால் போடுவார்கள், போட்டால் முதுகு நிமிரும். ஆகவே அழகும் அளவோடு சேர்ந்த சங்கதி என்று எடுத்துக்கொண்டாள். அன்று முதல் எந்தப் பிள்ளை வந்தாலும் அச்சு எடுப்பதற்கு முன்னால், "பார்க்க எப்படி வேணும்?" என்று கேட்டுவிடுவாள்.

பிறகு பட்டறைக்கு ஸ்கேனர் வந்தது. பிளாஸ்டர் போய், உடம்பின் அச்சைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்துச் செதுக்குகிற முறை வந்தது. பின்சி அதை மூன்று மாதத்தில் படித்தாள். இரண்டு வருஷம் கழிந்ததும் செதுக்குகிற வேலை முழுவதையும் சென்னையில் ஓரிடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று முதலாளி கண்டுகொண்டார். அளவெடுக்க ஓர் ஆள் போதும் என்றானது. அந்த ஆள் பின்சி இல்லை.

அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயசு. தனுவச்சபுரத்தில் வீடு. கணவன் ஜெனில் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டினான். வீட்டில் ஜெனிலின் அம்மா விமலகுமாரியும் உண்டு. ஆறு மாதம் பின்சி வீட்டிலிருந்தபடி, படித்த வித்தை கையைவிட்டுப் போகாமலிருக்க, லேப்டாப்பில் கண்டதையெல்லாம் செதுக்கினாள். பால் பாத்திரம், படகின் இன்ஜின் மூடி, மாமியாரின் காது. அவற்றை இணையத்தில் போட்டாள். கழக்கூட்டத்தில் வீடியோ கேம்களுக்கு உருவங்கள் செய்துகொடுக்கிற ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள்.

தேர்வுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். கையில் வாளோடு ஒரு பெண் வீரர். மார்பில் இரண்டு இரும்புக் கிண்ணங்கள், வயிறு திறந்து கிடந்தது, தொடையில் ஒரு சங்கிலி. ஐந்து நாளில் அப்படியே செதுக்கித் தர வேண்டும். பின்சி நான்கு நாளில் முடித்தாள். ஐந்தாம் நாள், பட்டறைப் பழக்கத்தில், குறிப்பு ஒன்றும் எழுதி இணைத்தாள். இந்தப் பெண்ணால் கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாது. உட்கார்ந்தால் கீழ் விளிம்பு வயிற்றில் ஏறும். குப்புற விழுந்தால் இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவிலுள்ள இரும்பு நெஞ்செலும்பை உடைக்கும்.

அதைப் படித்தவன் அனூஜ். பின்சியைவிட ஆறு வயசு இளையவன், குழுவுக்குத் தலைவன். அலுவலகத்தில் பேச்சு முழுக்க மலையாளம். அவன் நெய்யாற்றின்கரைக்காரன் என்பதும், வீட்டில் தமிழ் பேசுகிறவன் என்பதும் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் ரயிலில் வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. காலை பாசஞ்சரில் அவள் தனுவச்சபுரத்தில் ஏறுவாள். அவன் நெய்யாற்றின்கரையில் ஏறுவான்.

"அந்தக் குறிப்ப என்னத்துக்கு எழுதினீங்க அக்கா? நாங்க அது கேக்கல்லியே."

"கேக்காட்டியும் எழுதணும். போடுத ஆளுக்கு நோவுமே."

"போடுத ஆளே கிடையாதக்கா. அது வெறும் படமாக்கும்."

ஒரு வருஷம் பின்சிக்கு வாளுறையும் செருப்பும் குதிரைச் சேணமும்தான் வந்தன. கொடுத்ததைச் செய்தாள். ஆண் வீரர்களுக்குக் கவசம் செய்கிறவர்கள் பழைய இரும்புக் கவசங்களின் புகைப்படங்களைத் தேடிப் பார்த்து ஆணி ஆணியாகச் செதுக்குவதையும், பெண் வீரர்களுக்கு வரும்போது அந்தப் புகைப்படங்களை மூடிவிடுவதையும் கவனித்தாள். குழுவில் மற்ற பதினொரு பேரும் ஆண்பிள்ளைகள்; கூச்சக்காரர்கள். மார்பு என்று சொல்ல மாட்டார்கள். திரையில் சுட்டிக்காட்டி, "அந்த இடம்" என்பார்கள். அந்த இடம் இன்னும் பெருசாக வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனி கேட்கிறது என்று காது சிவக்கச் சொல்லுவார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு புதிய வேலை வந்தது. ஒரு மலைக்கணவாயில் நகரம்; அதைக் காக்கிற படைக்கு ஒரு பெண் தலைவி. அவள்தான் ஆட்டத்தின் நாயகி. கவசத்தை வரைவதும் இவர்கள் பொறுப்பு. வெளிநாட்டுக் கம்பெனி எழுதியிருந்தது ஒரே வரி: பெண்மை தெரிய வேண்டும், போரிடவும் முடிய வேண்டும். குழுவினர் ஒன்பது படங்கள் அனுப்பினார்கள். ஐந்தில் வயிறு திறந்திருந்தது. நான்கில் ஆணின் கவசத்தை எடுத்து ஒடுக்கிப் பூ வரைந்திருந்தார்கள். ஒன்பதும் திரும்பி வந்தன.

"அக்கா, நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்க," என்றான் அனூஜ்.

பின்சி படம் வரையவில்லை. நெய்யாற்றின்கரைச் சந்தைப் பக்கம் ஒரு கடையில், தரையில் விரிக்கிற தடித்த ரப்பர் பாய் நான்கு வாங்கினாள். சனிக்கிழமை பகலில் முற்றத்தில் வைத்து அதை வெட்டித் தன் உடம்புக்கே இரண்டு கவசம் செய்தாள். ஒன்று வழக்கமான கிண்ண வடிவம். மற்றது ஒரே வளைவாக முன்னுக்குப் புடைத்து, நடுவில் படகின் அடிக்கட்டை மாதிரி மேலிருந்து கீழே ஒரு மெல்லிய முகடு உள்ளது. உள்ளே துணி மெத்தை, மூச்சு விட இரண்டு விரல் இடம். மார்பு அந்தப் புடைப்புக்குள் இடிபடாமல் அடங்கியது.

ஜெனில் மத்தியானம் சாப்பிட வந்தான். ஆழமில்லாத இடத்தில் படகைத் தள்ளுகிற கழுக்கோல் ஒன்று பழுது பார்ப்பதற்காக வீட்டில் கிடந்தது. பின்சி அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இத வச்சு எனக்க நெஞ்சில குத்துங்க."

"உனக்கென்ன கிறுக்கா?"

"மெல்லக் குத்துனாப் போதும். கோல் எங்கோட்டு வழுக்குதுன்னு பார்க்கணும்."

கிண்ணக் கவசத்தில் எங்கே குத்தினாலும் கோல் வழுக்கி நடுவிலுள்ள பள்ளத்தில் போய் நின்றது. மற்றதில் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகிப்போய்த் தோளுக்கு வெளியே காற்றில் நீண்டது. பத்துத் தடவை செய்தார்கள். சுவர்மேல் சாய்த்து வைத்த போன் அதையெல்லாம் படம் பிடித்தது. பக்கத்து வீட்டு ஆனந்தபாய் மதிலருகே வந்து கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

விமலகுமாரி கவசத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தன் மேலே வைத்துப் பார்த்தாள். பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளி விழுந்தது.

"இது உனக்கு மட்டுந்தான் கொள்ளாம். பெத்து எழும்பினவளுக்கு எப்படிச் சேரும்? மாசத்துல நாலு நாளு உடம்பு வீங்குமே, அப்ப உனக்கே சேராதே."

பின்சி அதை அதுவரை யோசித்திருக்கவில்லை. பட்டறைக் கூடுகளுக்குப் பின்னால் மூன்று வார்கள் உண்டு, வளர்கிற பிள்ளைகளுக்காக. அவற்றையே பக்கங்களுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு விலாவிலும் கவசம் திறந்து, ஷூ லேஸ் மாதிரிக் குறுக்கும் நெடுக்கும் கோத்த வாரால் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற மாதிரி வெட்டினாள். இடுப்பில் ஒடுக்கினாள். அது அழகுக்கும் ஆயிற்று, எடையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பில் உட்கார்த்தவும் ஆயிற்று. அதற்குக் கீழே சின்னத் தகடுகள் பாவாடை போல விரிந்தன; உட்கார்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கழுத்துப்பட்டைக்கும் வார்களுக்கும் ஊதாவும் கருஞ்சிவப்பும் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் அதைத் திரையில் செதுக்கி முடித்தாள்.

வீடியோ கூட்டத்தில் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் கழுக்கோல் படத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். சிரித்தார்கள்; கேலி இல்லை. கவசம் மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. கவசம் பிடித்திருக்கிறது, ஆனால் விளம்பரப் படம் போனில் நகத்தளவு தெரியும்போது அது பெண் என்று சட்டென்று விளங்க வேண்டும். ஆகவே நாயகிக்கு மார்பில் இரண்டு கிண்ணங்களே இருக்கட்டும்.

அனூஜ் அதை ரயிலில் வைத்துச் சொன்னான். அவளிடம் எப்படிச் சொல்லுவது என்று அமரவிளையில் இருந்தே யோசித்ததாகவும் சொன்னான். அவன் வழக்கமாக ஏறுகிற ஸ்டேஷனுக்கு முந்தியது அது. அன்று அவன் அக்கா வீட்டில் தங்கி அங்கிருந்து ஏறியிருந்தான்.

"கிண்ணத்த நீங்க செய்யாண்டாம். வேற ஆள வச்சுச் செய்யுதேன்."

"வேண்டாம். வேற ஆளு செய்தா அக்குள்லயும் கெடுப்பான். நானே செய்யுதேன்."

அவளுக்கு வருத்தம் இருந்தது. முகத்தில் அதைக் காட்டவில்லை. நாயகியின் கிண்ணங்களை அவளே செதுக்கினாள். முடிந்தவரை நடுப்பள்ளத்தை ஆழமில்லாமல் ஆக்கினாள். அதோடு, அந்த நகரத்தின் காவல்காரிகளுக்கு என்ன உடுப்பு என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றான் அனூஜ். கோட்டை வாசல், சந்தை, பாலம் என்று நூறு காவல்காரிகள் நிற்க வேண்டும். மெலிந்தவள், தடித்தவள், வயதானவள் என்று மூன்று உடம்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கவசம் செய்ய நாள் போதாது.

"எனக்க கவசம் மூணு உடம்புக்கும் சேரும். வாரு உண்டு இல்லியா, கூட்டிக் குறைச்சாப் போதும்," என்றாள் பின்சி.

அனூஜ் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஐந்து வார வேலை மிச்சமாகும். அதை மட்டும் எழுதி அனுப்பினான். நெஞ்செலும்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மறுநாளே சம்மதம் வந்தது.

ஆட்டம் சென்ற வருஷம் வெளிவந்தது. நாயகி இரண்டு கிண்ணங்களோடு குன்றின்மேல் நின்றாள். அவளுக்குப் பின்னால் நகரமெங்கும் பின்சியின் கவசம் நடமாடியது. வீட்டில் லேப்டாப்பில் ஜெனில் விளையாடிப் பார்த்தான். ஒரு தடித்த காவல்காரி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். விமலகுமாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அவளை நெடுநேரம் பார்த்தாள்.

"இவ கொள்ளாமே," என்றாள். "மத்தவள எனக்குப் பிடிக்கல்ல."

விளையாடுகிறவர்களில் சிலர் காவல்காரியின் உடுப்பை நாயகிக்குப் போட முடியுமா என்று கம்பெனிக்கு எழுதினார்கள். பலர் எழுதவில்லை. கம்பெனி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பின்சி இப்போது வேறொரு ஆட்டத்துக்குக் கப்பல் செய்கிறாள். குழுவில் இன்னொரு பெண்ணும் சேர்ந்திருக்கிறாள். சிஜி என்று பெயர். பெண் வீரரின் படம் வந்தால் அனூஜ் இப்போது, "உட்காருமா இவ?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறான்.

போன மாதம் கனடாவிலிருந்து ஒருத்தி பின்சிக்கு எழுதியிருந்தாள். விசேஷங்களுக்கு ஆட்டத்தில் வருகிறவர்களைப் போல வேஷம் போடுகிறவளாம். காவல்காரியின் கவசத்தைத் தோலில் செய்யப்போகிறாள். இதுவரை அவள் செய்த எந்த வேஷத்திலும் முழுநாள் இருக்க முடிந்ததில்லை. இதற்கு வெட்டும் மாதிரி கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். பின்சி பதினொரு அளவுகள் கேட்டு எழுதினாள். இரண்டு நாளில் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வந்ததும் முன்னறைத் தரையில் பழைய செய்தித்தாள்களை ஒட்டி விரித்து, ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விமலகுமாரி கால் வைக்கக்கூட இடமில்லாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"இது யாருக்காக்கும்?"

"ஜூலின்னு ஒருத்திக்கு, மாமி. அஞ்சடி எட்டு இஞ்ச். இடது தோளு கொஞ்சம் இறக்கம்."

விமலகுமாரி குனிந்து, பறந்துபோகாமலிருக்கத் தாளின் ஒரு மூலையில் தன் ஜெபப் புத்தகத்தை வைத்துவிட்டு, சோறு வைக்கப் போனாள்.