தண்ணீருக்கடியில் உபயதாரர்கள்

தேவகி விசில் ஊதினால் பல மைல் தள்ளித் திருமுக்கூடலில் மேய்கிற ஆடுகள் தலையை நிமிர்த்திப் பார்க்கும். முசரவாக்கத்துப் பம்புசெட்டுக் கிணற்றில் நீந்தப் பழகியவள். அந்தக் கிணற்றுத் தண்ணீர்ப்பாம்புகள் அவளைக் கண்டால் படியேறி ஓடும் என்று ஊரில் இன்றும் சத்தியம் செய்வார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு டிரஸ்டின் நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கத்தான் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போன மறுநாளே அவர் விசிலை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று சண்டை போட்டு வாங்கினாள். தறிக்காரர் வீட்டுப் பெண்ணும் கடைக்காரர் வீட்டுப் பெண்ணும் பயமில்லாமல் தண்ணீரில் இறங்க ஊரில் வேறு இடம் ஏது?

அந்த இடத்துக்குத்தான் கேடு வந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் உயிரை விட்டது; குளம் பச்சையாகிப் பூட்டு விழுந்தது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கார் நிறுத்த இடமில்லாமல் தவிக்கிறார்கள், குளத்தை மூடிவிடலாம் என்றது டிரஸ்ட்.

"சித்திரை பொறக்கறதுக்குள்ள வசூல் பண்ணி ஓட்டிக் காட்டுமா. இல்லேன்னா மண்ணு கொட்டிடுவோம்" என்றார் செயலாளர் தினகரன்.

தேவகி கடை கடையாக ஏறினாள். பட்டுக்கடை காசிநாதன் காப்பி வாங்கிக் கொடுத்தார். பையில் கை வைக்கவில்லை.

"மெஷினா? அது எங்கமா இருக்குது?"

"மோட்டார் ரூம்ல, முதலாளி."

"அந்த இருட்டுல வந்து எவன் என் பேரப் பாப்பான்?"

கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலும், பாதி வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதன்மேல் 'உபயம்' என்று பேர் எழுதிக் கொடுக்கிற ஊர் இது. ஏறிய கடையிலெல்லாம் இதே கேள்வி. கடைசியில் அரிசி மண்டி வர்த்தமானும் அதையே கேட்டபோது தேவகிக்கு வெடித்துவிட்டது.

"குளத்துக்குள்ளயே எழுதிடறேன் சாமி, போதுமா?"

வாய் தவறியது அங்கேதான். மறுநாள் காலையில் குளத்து வாசலில் கையில் பணத்தோடு கருடசேவைக் கூட்டம். மெஷின் வந்து உட்கார்ந்தது. தண்ணீரை இறைத்துக் காயவிட்ட குளத்தின் தரையில் பெயிண்டர் தாவீது பேர் பேராக எழுதினார். நிறையக் கொடுத்த காசிநாதன் தன் பேர் நட்டநடுவில், ஆழமான இடத்தில், மயில் பார்டரோடு வேண்டும் என்றார். வர்த்தமான் தன் அப்பா பேரையும் தாத்தா பேரையும் சேர்த்தார். பியூட்டி பார்லர் சுகாசினி, "போன் நம்பரும் போடுங்கண்ணா" என்றாள். தாவீது நிமிர்ந்து தேவகியைப் பார்த்தார். தேவகி வானத்தைப் பார்த்தாள்.

டிரஸ்ட்காரர்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் குழாயைத் திறக்கப் போனாள். உபயதாரர்கள் குளத்துக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல ஏறுங்க, தண்ணி விடணும்."

காசிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. "தண்ணி விட்டா பேரு தெரியாதேம்மா! இப்ப தண்ணி எதுக்கு?"

"நீச்சல் குளத்துல தண்ணி எதுக்கா?"

"வைகாசில சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. பாத்துட்டுப் போவட்டுமே."

"முட்டி வரைக்கும் விட்டா போதாதா?" என்றார் வர்த்தமான்.

சொன்னதோடு நிற்காமல் இரண்டு பேரும் தங்கள் பேர்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தேவகி கெஞ்சினாள், கும்பிட்டாள், தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு போய்க் குழாயை முழுசாகத் திருகினாள். பீய்ச்சி அடித்த தண்ணீரில் காசிநாதனின் வேட்டி குடையாக விரிந்தது. கடையில் ஒரு ஆள் கைகொடுத்துத் தூக்கிவிட்டால்தான் எழுந்திருப்பார் என்று பேர் வாங்கிய மனிதர், இரும்பு ஏணியில் குரங்காய் ஏறினார்.

மறுநாள் தினகரன் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, குளம் நிரம்பியிருந்தது. மண் லாரியை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே பெண்கள் குதித்தார்கள். தரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

உபயதாரர்கள் சும்மா விடுவார்களா? கரையில் குனிந்து பார்த்தார்கள். எழுத்தெல்லாம் புழுவாக நெளிந்தது. காசிநாதனின் மயில் கோழியாகத் தெரிந்தது.

"ஏமாத்திட்டியேம்மா!" என்றார் காசிநாதன்.

"உங்க பேரு அங்கியேதான் இருக்குது. படிக்கணும்னா இறங்குங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதே."

"பின்ன குளம் எதுக்கு, முதலாளி?"

ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் அடுத்த திங்கட்கிழமை விடியும்போதே காசிநாதன், வர்த்தமான், இன்னும் ஏழெட்டுத் தொப்பைகள் சந்தா கட்டிவிட்டு வரிசையாக நின்றன. இப்போது தினமும் காலையில் அவர்கள் கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீச்சல் கண்ணாடியோடு முகத்தை மட்டும் தண்ணீரில் முக்கித் தங்கள் பேரைப் படிக்கிறார்கள். கால்களை ஆட்டச் சொன்னால் ஒருத்தர் காதிலும் ஏறுவதில்லை.

நேற்று காசிநாதன் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க வெளியே வந்தார்.

"தேவகிமா, அரிசி மண்டிக்காரன் தாத்தா பேரு என் பார்டர் மேல ஏறிக்கினு இருக்குதேமா! தண்ணியக் கொஞ்சம் எறக்கேன், தாவீதக் கூப்பிட்டு அழிச்சிடலாம்."

"அழிக்கலாம் முதலாளி, நீங்களே நீந்திப் போய் அழிங்க. மொதல்ல கால ஒதைங்க!"